சபூரும் வக்கீலும்

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்பிள்ளைகளின் காதில் அதிகம் விழும் அரபுச் சொல் எது என்று கேட்டால் ‘சபூர்’ என்றுதான் சொல்வேன். ஆணம் கரிந்துபோனாலும் சபூர் செய்யச் சொல்வார்கள். படிப்பைப் பாதியில் நிறுத்தினாலும் சபூர். சவூதிக்குப் போன மாப்பிள்ளை மூன்று வருடமாகப் பணம் அனுப்பாமல், போனை எடுக்காமல் இருந்தாலும் சபூர். சபூர் செய்கிறவர்களுடன் அல்லாஹ் இருக்கிறான் என்று அதற்குக் குர்ஆனிலிருந்தே ஆதாரமும் காட்டுவார்கள். ஆதாரம் சரிதான். குர்ஆனில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அது யாருக்கு, எந்த நெருக்கடியில், என்ன பொருளில் சொல்லப்பட்டது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ‘ஸப்ர்’ என்ற அரபுச் சொல்லை நாம் பொறுமை என்று பெயர்க்கிறோம். பொறுத்தல் என்றால் சுமத்தல். குறளின் பொறையுடைமை அதிகாரம் முதல் குறளிலேயே, தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்கிக்கொள்ளும் நிலத்தைத்தான் உவமை காட்டுகிறது. வள்ளுவர் அதை எல்லோருக்கும் பொதுவாகவே சொன்னார். ஊர் அதைப் பெண்ணுக்கு மட்டுமான பாடமாக்கி, ‘பூமாதேவி மாதிரி பொறுத்துப் போ’ என்று மாற்றிக்கொண்டது. ஸப்ர் தமிழுக்கு வந்தபோது இந்தச் சுமையும் அதன் தலையில் ஏறிவிட்டது. ஆக, சபூர் செய்யச் சொல்லும் உம்மாவும் பொறுத்துப் போகச் சொல்லும் அம்மாவும் ஒரே தெருக்காரர்கள்தான். இதை முஸ்லிம் பெண்ணின் தனித் துயரமாகக் காட்டி இரக்கப்படுகிறவர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

அரபியில் அந்த வேர்ச்சொல்லுக்குக் கட்டுதல், பிடித்து நிறுத்துதல் என்று பொருள். அதே வேரிலிருந்து வரும் ‘ஸபிர்’ கசப்புக் கற்றாழையைக் குறிக்கும். கசப்பை விழுங்கிக்கொண்டு, சிதறிப்போகாமல் தன்னைத் தானே பிடித்து வைத்திருப்பது ஸப்ர். குர்ஆன் இதைப் போர்க்களத்திலும் பயன்படுத்துகிறது. உறுதியுள்ள இருபது பேர் இருநூறு பேரை வெல்வார்கள் என்று 8ஆம் அத்தியாயம் 65ஆம் வசனம் சொல்லும் இடத்தில், அந்த உறுதிக்கான சொல்லும் இதே வேர்தான். வாளைக் கீழே போட்டுவிட்டு அடி வாங்குவதுதான் ஸப்ர் என்று அந்த வீரர்களிடம் யாரும் சொல்லவில்லை. களத்தில் நிற்கும் ஆணுக்கு நிலைகுலையாமை என்று பொருள்பட்ட சொல், வீட்டில் நிற்கும் பெண்ணிடம் வந்ததும் வாய் திறக்காமை ஆகிவிட்டது.

இதன் உடன்பிறந்த சொல் ‘தவக்குல்’. இறைவன்மேல் நம்பிக்கை வைத்தல் என்று பெயர்க்கிறோம். தமிழருக்கு இதன் வேர் நன்றாகவே தெரியும், அரபி என்று தெரியாமலே தெரியும். வக்கீல், வக்காலத்து என்று நாம் கோர்ட்டில் புழங்கும் சொற்கள் அந்த வேரில் பிறந்தவை. அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று ‘அல்-வக்கீல்’. தவக்குல் என்றால் அவனை வக்கீலாக வைத்துக்கொள்வது. வக்கீல் வைத்துவிட்டோம் என்று யாராவது வழக்குத் தொடுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார்களா? ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்பட்டுமா, கட்டிவிட்டு நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பயான்களில் பலமுறை கேட்ட செய்திதான். பெண்களுக்கான பயானில் மட்டும் இந்த ஒட்டகம் ஏனோ வருவதில்லை.

சில வருடங்களுக்கு முன் முதுகலை மாணவி ஒருவர் வகுப்பு முடிந்தபின் என் அறைக்கு வந்தார். பத்தொன்பது வயதில் நிக்காஹ். கணவன் அடிக்கிறான். தாய் வீட்டுக்கு வந்தவரை ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். “ஹாஜரா அம்மா மாதிரி சபூரா இருன்னு சொல்றாங்க மேடம். அவங்க என்ன பண்ணாங்கன்னு எனக்கு முழுசாத் தெரியணும்” என்றார். வரலாற்றை எங்கே நிறுத்திச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

ஹாஜராவின் பெயர் குர்ஆனில் இல்லை. பயிர் விளையாத பள்ளத்தாக்கில் என் சந்ததியைக் குடியமர்த்தினேன் என்ற பொருளில் இப்ராஹீம் நபியின் பிரார்த்தனை மட்டும் 14ஆம் அத்தியாயத்தில் வருகிறது. முழுக் கதையும் இப்னு அப்பாஸ் சொன்னதாகப் புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. கைக்குழந்தை இஸ்மாயீலையும் ஹாஜராவையும் மக்கா இருந்த வெற்றிடத்துக்கு இப்ராஹீம் கொண்டுவருகிறார். ஒரு பையில் பேரீச்சம்பழம், ஒரு தோல்பையில் தண்ணீர். அவ்வளவையும் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறார். ஹாஜரா அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. பின்னாலேயே போய், மனிதரும் இல்லாத ஒன்றும் இல்லாத இந்த இடத்தில் எங்களை விட்டுவிட்டு எங்கே போகிறீர் என்று கேட்கிறார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மீண்டும் மீண்டும் கேட்கிறார். பதில் இல்லை. பிறகு கேள்வியை மாற்றுகிறார்: இது அல்லாஹ்வின் கட்டளையா? ஆம் என்கிறார் இப்ராஹீம். அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்.

பயான்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். கணவன் விட்டுப்போனான், மனைவி ஏற்றுக்கொண்டாள், இதுதான் தவக்குல் என்று பாடம் முடிந்துவிடும். ஆனால் கதையில் அந்த நம்பிக்கை, பதில் கிடைக்கும்வரை கேட்ட கேள்விகளுக்குப் பிறகு வருகிறது. கடைசியில் அவர் தன்னை ஒப்படைத்ததும் கணவனிடம் அல்ல. கணவனின் வாயிலிருந்து யாருடைய கட்டளை என்பதை வரவழைத்துக்கொண்டு, அந்தக் கட்டளைக்கு உரியவனிடம் தன் வழக்கை நேராகக் கொண்டுபோகிறார். இப்ராஹீம் செய்தது சரிதானா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றுகிறது. அடிமையாக இருந்து, குழந்தை பெற்றுக் கொடுத்து, மூத்தவளின் மனத்தாங்கலால் வெளியே வந்த ஒரு பெண்ணின் முன்னால் எத்தனை வழிகள் இருந்திருக்கும்? அந்தக் கேள்வியை மூடிவிட வேண்டியதில்லை. அது திறந்திருக்கும்போதுதான் அடுத்து அவர் செய்ததன் எடை தெரியும்.

தண்ணீர் தீர்ந்துபோகிறது. பால் வற்றுகிறது. குழந்தை துடிக்கிறது. அல்லாஹ் கைவிட மாட்டான் என்று சொன்ன அதே பெண், யாராவது கண்ணில் படுகிறார்களா என்று பார்க்க சஃபா குன்றில் ஏறுகிறார். யாரும் இல்லை. இறங்கிப் பள்ளத்தாக்கில் ஓடி எதிரே மர்வாவில் ஏறுகிறார். யாரும் இல்லை. இப்படி ஏழு முறை. ஏழாவது முறை ஒரு சத்தம் கேட்கிறது. குழந்தை கிடந்த இடத்தருகே வானவர் மண்ணைக் கிளறி, தண்ணீர் பொங்குகிறது. உடனே ஹாஜரா கையால் மண்ணை அணைத்துத் தண்ணீருக்குக் கரை கட்டுகிறார். தோல்பையை நிரப்பிக்கொள்கிறார். அற்புதம் நடந்துகொண்டிருக்கும்போதே தொட்டி கட்டத் தோன்றிய பெண் அவர்.

கதை இன்னும் இருக்கிறது. பறவைகள் வட்டமிடுவதைப் பார்த்து ஜுர்ஹும் என்ற குலத்தார் வருகிறார்கள். இங்கே தங்கலாமா என்று அவரிடம் அனுமதி கேட்கிறார்கள். தங்கலாம், ஆனால் தண்ணீரில் உங்களுக்கு உரிமை கிடையாது என்கிறார். அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பாலைவனத்தில் தண்ணீர் யாருடையதோ ஊர் அவருடையது. மக்கா என்ற ஊர் ஒரு பெண் விதித்த நிபந்தனையில் தொடங்கியதாக இஸ்லாமிய மரபே சொல்கிறது. நம் ஊர்ப் பயான்களில் இந்த நிபந்தனையை நான் கேட்டதே இல்லை.

ஹாஜராவின் ஓட்டம் ஹஜ்ஜிலும் உம்ராவிலும் ‘ஸயீ’ என்ற கடமையாக நிலைத்துவிட்டது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 450 மீட்டர், ஏழு முறைக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல். குர்ஆன் இந்த இரண்டு குன்றுகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடம் கவனிக்கத்தக்கது. 2ஆம் அத்தியாயத்தில் 153 முதல் 157 வரையான வசனங்கள் ஸப்ர் பற்றியவை. அச்சம், பசி, பொருளிழப்பு, உயிரிழப்பு, விளைச்சல் இழப்பு ஆகியவற்றால் சோதிக்கப்படுவது பற்றிப் பேசுபவை. மரணச் செய்தி கேட்டதும் முஸ்லிம்கள் சொல்லும் வாசகமும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வசனமான 158, சஃபாவும் மர்வாவும் இறைவனின் அடையாளங்கள் என்று தொடங்குகிறது. ஸப்ர் என்றால் என்ன என்று கேட்டவருக்கு ஒரு பெண் ஓடிய பாதையைக் காட்டியதுபோல இந்த வரிசையை நான் வாசிக்கிறேன்.

இதில் ஒரு முரண் உண்டு. அந்தப் பாதையின் நடுவே பச்சை விளக்குகள் போட்ட பகுதியில் ஆண்கள் வேகமாக ஓட வேண்டும், பெண்கள் நடந்தால் போதும் என்பது மார்க்கச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. உம்ரா போய்வந்த என் உம்மா, “ஓடினது ஹாஜரா அம்மா. ஓடுறது ஆம்பளைங்க. நம்மள நடக்கச் சொல்லிட்டாங்க” என்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆப்பிரிக்க அமெரிக்க இஸ்லாமிய அறிஞர் ஆமினா வதூத் 2006இல் வெளியான தன் நூலில் ஹாஜராவை வீடற்ற ஒற்றைத் தாயாகப் பார்க்கிறார். கணவன் காப்பான், மனைவி கீழ்ப்படிவாள் என்ற கணக்கில் எழுதப்பட்ட குடும்பச் சட்டத்தில் ஹாஜரா போன்ற பெண்ணுக்கு இடமே இல்லை என்பது அவர் வாதம். ஹஜ்ஜுக்குப் போகும் ஒவ்வொருவரும் ஹாஜராவின் அடியைத் தொடர்கிறார்கள். ஊர் திரும்பியதும் அவரைப் போன்ற பெண்ணுக்கு ஊர்க் கூட்டத்தில் உட்கார நாற்காலி இல்லை.

ஓடவும் வழி இல்லாதவர்கள் இருந்தார்கள். மக்காவில் சுமையா என்ற அடிமைப் பெண், கணவர் யாஸிர், மகன் அம்மார் மூவரும் புதிய மார்க்கத்தை ஏற்றதற்காக வதைக்கப்பட்டார்கள். அவர்களைக் கடந்து போன நபிகள், ஸப்ர் செய்யச் சொல்லிச் சொர்க்கத்தை வாக்களித்தார் என்கின்றன வரலாற்று நூல்கள். வதையை நிறுத்தும் அதிகாரம் அப்போது அவரிடம் இல்லை. அபூஜஹ்ல் ஈட்டியால் குத்திச் சுமையாவைக் கொன்றான். இஸ்லாத்தின் முதல் உயிர்ப்பலி ஒரு பெண். அம்மார் வேதனை தாங்காமல், எதிரிகள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு வந்தார். வற்புறுத்தலில் வாய் சொன்னது குற்றமாகாது என்ற 16ஆம் அத்தியாயத்தின் 106ஆம் வசனம் அவருக்காக வந்ததென்பார்கள். தாயின் உறுதியையும் மகனின் உடைவையும் மரபு ஒருசேர ஏற்றுக்கொண்டது. அடி தாங்க முடியவில்லை என்று சொல்லும் பெண்ணை ஈமான் குறைந்தவள் என்று ஏசுகிறவர்களுக்கு அம்மாரின் நினைவு வருவதில்லை.

வழி கிடைத்தவுடன் அந்தச் சமூகம் என்ன செய்தது? 615இல் ஒரு குழு செங்கடலைக் கடந்து அபிசீனியாவுக்குப் போனது. அதில் பெண்களும் இருந்தார்கள். 622இல் எல்லோரும் மதீனாவுக்குப் போனார்கள். முஸ்லிம்களின் ஆண்டுக்கணக்கே அந்த வெளியேற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது. 4ஆம் அத்தியாயம் 97ஆம் வசனம் ஒருபடி மேலே போகிறது. நாங்கள் ஒடுக்கப்பட்டிருந்தோம் என்று இறக்கும்போது சொல்பவர்களிடம், பூமி விசாலமாக இல்லையா, நீங்கள் வெளியேறியிருக்கலாமே என்று வானவர்கள் கேட்பார்கள் என்கிறது. அடுத்த வசனம், வெளியேற வழியே இல்லாத ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் அந்தக் கேள்வியிலிருந்து விலக்குகிறது. போக முடியாதவள்மேல் பழி இல்லை. ஆனால் போக முடிந்தவளைத் தடுப்பதற்கு அங்கே ஆதாரமும் இல்லை.

628இல் ஹுதைபியா ஒப்பந்தம் ஏற்பட்டது. மக்காவிலிருந்து தப்பி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. வந்த ஆண்கள் திருப்பி அனுப்பவும் பட்டார்கள். அந்தச் சமயத்தில் உம்மு குல்தூம் என்ற பெண், நபிகளின் கடும் பகைவனாக இருந்த உக்பாவின் மகள், 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதீனாவுக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் தம்பிகள் பின்னாலேயே வந்து தங்கையைத் திருப்பிக் கேட்டார்கள். 60ஆம் அத்தியாயத்தின் 10ஆம் வசனம், நம்பிக்கை கொண்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று தீர்ப்பளித்தது. உம்மு குல்தூம் திரும்பிப் போகவில்லை. வீட்டைவிட்டு வந்த பெண்ணை அவள் குடும்பத்தாரிடமே திருப்பி ஒப்படைப்பது குர்ஆன் தடுத்த காரியம் என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அன்றைக்கு அது மார்க்கப் பகையும் போரும் கலந்த சூழல், இன்றைய குடும்ப வழக்கோடு அப்படியே ஒட்டாது என்பதையும் சொன்னேன். ஆனாலும் திருப்பி அனுப்புவதைப் புண்ணியமாகப் பேசுகிறவர்கள் இந்த வசனத்தைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

மதீனாவில் நடந்த இன்னொரு வழக்கு குடும்ப வழக்கேதான். கவ்லா பின்த் ஸஅலபாவின் கணவர் அவ்ஸ், வயதானவர், முன்கோபி. ஒரு நாள் கோபத்தில், நீ எனக்கு என் தாயின் முதுகு போன்றவள் என்று சொல்லிவிட்டார். ‘ளிஹார்’ என்பது இஸ்லாத்துக்கு முந்திய அரபு வழக்கம். அப்படிச் சொல்லிவிட்டால் அவள் மனைவியாகவும் வாழ முடியாது, விடுதலை பெற்று வேறு மணமும் செய்ய முடியாது. கோபம் தணிந்து அவ்ஸ் நெருங்கி வந்தபோது கவ்லா அவரைத் தள்ளி நிறுத்தினார். இறைவனும் தூதரும் தீர்ப்புச் சொல்லும்வரை கிட்டே வராதே என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் ஓர் உடையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நபிகளிடம் போனார்.

கவ்லாவே சொன்னதாக வரும் அறிவிப்பில், நபிகள் முதலில் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார் என்று இருக்கிறது. அவர் உன் உறவுக்காரர், வயதானவர், அல்லாஹ்வுக்குப் பயந்து நடந்துகொள் என்கிறார். இன்றைக்குப் பஞ்சாயத்தில் சொல்லப்படும் அதே வார்த்தைகள். சொன்னவர் நபிகள். கவ்லா அப்போதும் எழுந்து போகவில்லை. இளமையை அவருக்குக் கொடுத்தேன், பிள்ளைகள் பெற்றேன், முதுமையில் இப்படிச் செய்கிறாரே என்று வாதிட்டார். நபிகளிடம் வாதிட்டுக்கொண்டே அல்லாஹ்விடம் முறையிட்டார். அதே அறையின் மூலையில் இருந்த எனக்கே அவர் பேச்சில் சில கேட்கவில்லை, ஆனால் அல்லாஹ்வுக்குக் கேட்டது என்று ஆயிஷா வியந்திருக்கிறார்.

வந்த அத்தியாயத்துக்குப் பெயரே ‘அல்-முஜாதலா’. வழக்காடுதல் என்று பொருள். வழக்காடும் பெண் என்று பொருள்படும்படி ‘முஜாதிலா’ என்றும் வாசிப்பார்கள். அவள் பேச்சை அல்லாஹ் கேட்டுக்கொண்டான் என்றே அது தொடங்குகிறது. அதன் 22 வசனங்களிலும் அல்லாஹ் என்ற பெயர் தவறாமல் வருவதைக் குர்ஆன் ஓதுகிறவர்கள் சிறப்பாகச் சொல்வார்கள். வாயால் சொல்லிவிடுவதால் மனைவி தாயாகிவிட மாட்டாள் என்றது தீர்ப்பு. சொன்னவன் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், இல்லையேல் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு வைக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும். கவ்லா அங்கும் பேசினார். அவரிடம் அடிமை இல்லை, நோன்பு வைக்கத் தெம்பு இல்லை, உணவளிக்கக் காசும் இல்லை என்றார். நபிகள் ஒரு கூடைப் பேரீச்சம்பழம் தந்தார். இன்னொரு கூடையை நான் தருகிறேன் என்றார் கவ்லா. பின்னாளில் கலீஃபா உமரைத் தெருவில் நிறுத்தி இவர் நெடுநேரம் அறிவுரை சொன்னதாகவும், காத்திருந்தவர்கள் முணுமுணுத்தபோது, இவர் பேச்சை அல்லாஹ்வே கேட்டான், உமர் கேட்கக் கூடாதா என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாகவும் விரிவுரை நூல்கள் சொல்கின்றன.

இறைவனை வக்கீலாக வைத்தவள் வாதத்தைத் தானே நடத்தினாள். கவ்லாவின் தவக்குல் இதுதான். ஸப்ர் எங்கே இருந்தது என்று கேட்டால், தீர்ப்பு வரும்வரை அந்த அறையைவிட்டு எழாமல் இருந்ததில் இருந்தது.

இத்தனை கதைகள் இருந்தும் சபூர் எப்படி மௌனமாயிற்று? இதற்கு ஒரே ஒரு பெயரைப் பழி சொல்ல முடியாது. ஆனால் கஸ்ஸாலியை வாசித்தால் அது நிகழ்ந்த இடம் ஓரளவு தெரிகிறது. 1058 முதல் 1111 வரை வாழ்ந்த இந்தப் பேரறிஞர் தன் ‘இஹ்யா’ நூலில் ஸப்ருக்கும் தவக்குலுக்கும் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார். எதிரே இருக்கும் உணவை நோக்கிக் கை நீட்டாமல் அது தானே வாய்க்கு வரும் என்று காத்திருப்பது தவக்குல் ஆகாது, பைத்தியம் என்கிறார். எல்லா ஸப்ரும் நல்லதல்ல, ஹராமான ஸப்ரும் உண்டு என்கிறார். தன் கையையோ தன் மகனின் கையையோ ஒருவன் வெட்டும்போது வாய்மூடிப் பொறுத்திருப்பது ஹராம். தன் மனைவியை ஒருவன் தவறாக அணுகும்போது ரோஷத்தை அடக்கிக்கொண்டு பொறுத்திருப்பதும் ஹராம்.

முதன்முதலில் இதை வாசித்தபோது எழுந்து நடந்தேன். தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்பே ஒருவர், அநியாயத்தைப் பொறுப்பது பாவம் என்று எழுதிவைத்திருக்கிறார். பிறகு உதாரணங்களைத் திரும்பப் படித்தேன். கை வெட்டப்படுகிறவன் ஆண். மகனும் ஆண். மனைவி வருகிறாள், ஆனால் கணவனின் மானமாக. அவளுடைய கை வெட்டப்பட்டால் அவள் என்ன செய்ய வேண்டும் என்ற வரி அங்கே இல்லை. அதே நூலின் திருமணப் பகுதியில், திருமணம் பெண்ணுக்கு ஒருவகை அடிமைத்தனம் என்றும், அவள் வீட்டுக்குள் ராட்டையோடு இருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. உதாரணத்தில் பெண் இல்லாததால் அது அவளைச் சேரவில்லை. கஸ்ஸாலியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய விதியில் விடுபட்ட உதாரணத்தை நாம் எழுதிச் சேர்க்க வேண்டும்.

வழியை அடைத்துவிட்டுப் பொறுமையை மட்டும் போதித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்ற நூற்றாண்டில் ஒரு சாட்சி இருக்கிறது. பிரிட்டிஷ் இந்திய நீதிமன்றங்கள் கடைப்பிடித்த ஹனஃபி சட்டப்படி, மனைவி கேட்டு விவாகரத்துப் பெறுவது ஏறத்தாழ முடியாத காரியம். கணவன் காணாமல் போனால், அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகியிருக்கும் காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். ஆனால் மனைவி மதம் மாறினால் திருமணம் முறிந்துவிடும். பஞ்சாபில் பெண்கள் பலர் இந்த வாசல் வழியாக வெளியேறினார்கள். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து விடுபட இஸ்லாத்தையே விட்டார்கள். அதன் பிறகுதான் ஆலிம்கள் விழித்தார்கள். தேவ்பந்த் மரபைச் சேர்ந்த அஷ்ரஃப் அலீ தானவி, 1930களின் தொடக்கத்தில் எழுதிய நூலில், மாலிக்கி சட்டப் பள்ளியின் இலகுவான விதிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. நான்கு வருடம் கணவனைப் பற்றித் தகவல் இல்லை, இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்கவில்லை, கொடுமை செய்கிறான் என்பன போன்ற காரணங்களுக்காக மனைவி விவாகரத்துக் கேட்கலாம். உடலை அடிப்பது மட்டுமல்ல, நடத்தையால் வாழ்க்கையை நரகமாக்குவதும் கொடுமைதான் என்கிறது அந்தச் சட்டம். அது இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. பெயர் தெரியாத அந்தப் பஞ்சாபிப் பெண்கள் வாங்கித் தந்த சட்டம் என்றே அதை நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் கவ்லாவின் அறையை மறுபடி திறந்தவர்கள் புதுக்கோட்டையில் இருந்தார்கள். ஜமாத்தில் பெண்ணின் குடும்ப வழக்கை ஆண்கள் மட்டும் கூடித் தீர்ப்பதை எதிர்த்து, தாவூத் ஷரீபா கானமும் அவருடன் இருந்த பெண்களும் 2000களின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு ஜமாத்தை உருவாக்கினார்கள். மார்க்கத்துக்கு விரோதம் என்று எதிர்ப்பு வந்தது. வழக்காடும் பெண்ணின் பெயரில் ஒரு முழு அத்தியாயத்தை வைத்திருக்கும் மார்க்கம் அது.

நான் சபூருக்கு எதிரி இல்லை. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த வீட்டில், குணமாகாத நோயில், கையில் எதுவும் இல்லாத நேரத்தில் அந்தச் சொல் பெண்களைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மனிதரால் மாற்ற முடியாததன் முன் சபூர் ஆறுதல். மனிதர் செய்வதும் மனிதரால் நிறுத்தக்கூடியதுமான கொடுமையின் முன் அதே சொல், கொடுமை செய்பவனுக்கு உதவி. சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கேட்கிற நாம் பிரித்துப் பார்க்கலாம்.

அந்த மாணவி அதன் பிறகு கணவன் வீட்டுக்குப் போகவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. எதிர்த் தரப்பு வராத நாள்கள், நீதிபதி மாறிப்போன மாதங்கள், பஸ்ஸுக்குக் காசில்லாத காலைகள். வழக்கு முடிய மூன்று வருடங்களுக்கு மேல் ஆனது. அதற்குள் முதுகலை முடித்து வேலைக்கும் போய்விட்டார். அந்த மூன்று வருடமும் அவருக்கு நிறைய சபூர் தேவைப்பட்டது. அது அவரிடம் இருந்தது.